கலக்கித் தந்த தேநீர்

5 ஆகஸ்ட், சனி

இன்று அப்பா என்னைப் பார்த்து, "தாங்கள் அமர வேண்டும்" என்றார்.

பிறந்த நாள் முதல் அவருக்கு நான் 'லே': எங்கள் ஜாவாவில் மகனைச் செல்லமாக அழைக்கும் சொல். எனக்கு ஐம்பத்தாறு வயதாகி, தலை நரைத்து, செமாராங் பல்கலைக்கழகத்தில் பெயர்ப்பலகையோடு ஓர் அறையும் கிடைத்த பிறகும் 'லே'தான். அப்பா ஒருவருக்கு மரியாதையை உயர்த்துகிறார் என்றால் அது அன்பினால் அல்ல. அவர் கோபப்பட்டு நான் பார்த்திருப்பதே அந்த விதத்தில்தான்: குரல் தணியும், முதுகு நிமிரும், எதிரில் நிற்பவன் நீயிலிருந்து நீங்களாகி, நீங்களிலிருந்து தாங்களாவான். நீர்ப்பாசன அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பதினோரு கிராமங்களுக்குத் தண்ணீர் பங்கிட்டவர். மதகைத் திருட்டுத்தனமாகத் திறந்த ஒரு கிராமத் தலைவரை, "எங்கள் எளிய அலுவலகத்துக்குத் தாங்கள் எழுந்தருள வேண்டும்" என்று அழைத்தார். அந்த மனிதர் படியேறும்போதே அழுதுவிட்டார். நான் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

இன்று அந்தக் குரலில் என்னை உட்காரச் சொன்னார். என்மீது என்ன கோபம்?

சமையலறைக்குப் போய் ரெத்னோ அக்காவிடம் கேட்டேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "ஆள் அடையாளம் தெரியல, லம்பாங். உன்னை யாரோ மேலதிகாரின்னு நினைச்சுக்கறார். வயசு எண்பத்திரண்டு ஆச்சுல்ல. அமைதியா இருக்காரா இல்லையா, அதைப் பாரு."

அமைதியாகத்தான் இருக்கிறார். ஆனால் அக்காவை 'ரெத்னோ' என்றார், 'வா' என்றார், 'நீ சாப்பிட்டியா' என்றார். அடையாளம் தெரியாமல் போனது என்னை மட்டும்தானா?

மூடியிட்ட கண்ணாடிக் குவளைகளில் தேநீர் வந்தது. என் குவளையின் அடியில் கல்கண்டு கிடந்து மெல்ல விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. அப்பாவின் குவளையில் கல்கண்டு இல்லை, முன்பே கலக்கியிருந்தது. இரு கைகளாலும் எடுத்துக் கடைசி மிடறு வரை குடித்தார். குவளை தட்டில் திரும்பி அமரும்போது கடகடவென்று அதிர்ந்தது.

6 ஆகஸ்ட், ஞாயிறு

திரும்பும் பேருந்தில் மூன்று மணி நேரம். தாங்கள், தாங்கள், தாங்கள்.

19 ஆகஸ்ட், சனி

இந்த முறையும் தாங்கள்தான்.

அப்பாவின் நடை மாறிவிட்டது. காலை எடுத்து வைப்பதில்லை, இழுக்கிறார். கால்வாய்க் கரையில் நாளுக்கு ஏழு கிலோமீட்டர் நடந்த கால்கள். முகத்தில் எந்த அசைவும் இல்லை. கடைவாயில் எச்சில் வழிகிறது. அதைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையை எடுக்கவே அரை நிமிடம் ஆகிறது. தெருவில் சுதந்திர தினத் தோரணங்களை இன்னும் கழற்றவில்லை. வெறித்தபடி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதிவிடுகிறேன். இந்தக் குறிப்பேட்டில் நான் யாரை ஏமாற்ற வேண்டியிருக்கிறது?

அம்மா பிப்ரவரியில் இறந்தாள். அதன் பிறகு அப்பா தூங்கவில்லை. சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தார். இரண்டு முறை அந்தி நேரத்தில் பெரிய மதகின் மேல் போய் நின்றார். அக்கா ஓடிப்போய் அழைத்து வந்தாள். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். மருத்துவர் துளித்துளியாக எண்ணிக் கொடுக்கும் மருந்து ஒன்றை எழுதித் தந்தார். நிறமில்லை, சுவையில்லை. அம்மாவின் நூறாம் நாள் சடங்குக்கு மறுநாள் காலை குடும்பக் கூட்டம் நடந்தது. தலைமை, அப்பாவின் தம்பி விர்யவான் சித்தப்பா, ஓய்வுபெற்ற வட்டாட்சியர். அவர் ஒரு மணி நேரம் பேசினார். மருந்து என்று சொன்னால் அண்ணன் மறுப்பார், மறுத்தால் மனம் புண்படும், புண்பட்டால் நோய் கூடும். ஆகவே தேநீரில் கலந்து கொடுப்பதே மரியாதை என்றார். 'மரியாதை' என்ற சொல்லையே பயன்படுத்தினார். பிறகு வழக்கம்போல், "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் பேசாவிட்டால் அது தீர்மானம்.

அந்தக் கூட்டத்தில் நான் இருந்தேன். பாயில், சித்தப்பாவுக்கு வலப்பக்கம். குனிந்து என் குவளையின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தாறு ஆண்டுகளாக ஒப்பந்தச் சட்டம் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்தில் கரும்பலகையில் எழுதும் வாக்கியம்: மௌனம் ஒப்புதல் ஆகாது. மாணவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

அக்காவோடு சண்டை. எங்கள் வழக்கப்படி, தணிந்த குரலில்.

துளிகளை எண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு. "இதை நிறுத்து" என்றேன்.

"நிறுத்தறேன். நீ வந்து படு, அவர் ரூம் வாசல்ல. மார்ச் மாசத்துல இருந்து நான் வாசல்ல பாய் போட்டுத்தான் படுக்கறேன். அவர் இருமினா எழுந்திருக்கறேன். இருமலேன்னா அதைவிட சீக்கிரம் எழுந்திருக்கறேன். நீ ரெண்டு வாரத்துக்கு ஒருநாள் வந்து, பேண்ட் கசங்காம உட்கார்ந்து, டீ குடிச்சிட்டு, சட்டம் பேசறே."

"அவருக்குத் தெரியாம குடுக்கறது குற்றம்க்கா."

"மதகுல இருந்து அவர் விழுந்திருந்தா, அது என்ன செக்‌ஷன் சார்?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் நியாயமான அச்சம் என்பதற்காக ஒரு மனிதனின் வாய்க்குள் அவன் அறியாமல் ஒன்றை ஊற்றும் உரிமை பிறந்துவிடுமா? அச்சம் அக்காவுடையது. வாய் அப்பாவுடையது.

கரண்டியால் கலக்கி, மூடியிட்டு, எடுத்துச் சென்றாள். நான் தடுக்கவில்லை.

இதையும் எழுதி வைக்கிறேன்: தடுக்கவில்லை.

2 செப்டம்பர், சனி

அப்பா குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். எலும்பு முறிவில்லை. நெற்றியில் நான்கு தையல். மருத்துவமனையில் ஒரு செவிலி கன்னத்தைத் தட்டி, "தாத்தா சமத்தா இருக்கணும், சரியா? ஓடக் கூடாது" என்றாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "தங்கள் அறிவுரைக்கு மிக்க நன்றி."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். 'எவ்வளவு இனிமையான தாத்தா' என்று வெளியே யாரிடமோ சொல்வது கேட்டது.

அந்த வாக்கியத்தின் எடை அவளுக்குத் தெரிந்திருந்தால் வேலையை விட்டிருப்பாள்.

4 செப்டம்பர், திங்கள்

வகுப்பை ரத்து செய்துவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்கப் போனேன். நேற்று முழுவதும் அவரிடம் சொல்ல வேண்டியதை எழுதி, திருத்தி, மனப்பாடம் செய்திருந்தேன். மூன்று பக்கம். ஒவ்வொரு வாக்கியமும் கத்தி.

டாக்டர் தியுர்மா. நாற்பது வயதிருக்கும். சுமத்ராவில் தோபா ஏரிப் பக்கத்துப் படாக் இனப் பெண். இங்கே வந்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது. குரல் இரண்டு அறை தாண்டிக் கேட்கும். நான் முதல் பக்கத்தை முடிக்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், ஒரு நிமிஷம். தேநீர்ல கலந்தா? அவருக்குத் தெரியாமலா?"

ஆமாம் என்றேன்.

அப்பாவின் கோப்பினை எடுத்துப் பிரித்து என் பக்கம் திருப்பினார். அவர் கையெழுத்தில் இருந்தது: 'நோயாளியிடம் விளக்கப்பட்டது. ஏற்றுக்கொண்டார். மிகுந்த மரியாதையுடன் ஒத்துழைக்கிறார். விழுங்கச் சிரமம் என்று மகள் கூறியதால் துளி மருந்து. ஆறு வாரத்துக்கு மட்டும்.' ஆறு வாரம் ஜூலையில் முடிந்துவிட்டது. மீண்டும் வரவேண்டிய தேதிக்கு யாரும் அவரை அழைத்து வரவில்லை. அக்கா பழைய சீட்டைக் காட்டியே மருந்துக் கடையில் வாங்கியிருக்கிறாள்.

அப்பா என்ன சொன்னார், சொல்லுக்குச் சொல் சொல்லுங்கள் என்றேன். நினைவுபடுத்திச் சொன்னார்: "'ஆகட்டும், தாங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்'னு சொன்னார்."

அது மறுப்பு என்றேன். பதினோரு கிராமங்களில் எவனைக் கேட்டாலும் சொல்வான், தனுசுப்ரோதோ ஐயா அப்படிச் சொன்னால் தண்ணீர் கிடைக்காது என்று.

அவர் மேசையை உள்ளங்கையால் தட்டினார். "எங்க ஊர்ல வேண்டாம்னா இப்படித் தட்டி வேண்டாம்பாங்க. இங்க எல்லாரும் தலையாட்டறாங்க. தலையாட்டினதையெல்லாம் நான் எழுதி வெச்சிருக்கேன்." இன்னொன்றும் சொன்னார், சற்றுத் தணிந்து: "தப்பு அதுல மட்டும் இல்ல. அவர்கிட்ட தனியா நான் ஒரு தடவைகூட பேசல. மக ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். கேள்வியெல்லாம் அவங்ககிட்டதான் கேட்டேன். அவர் நடுவுல உட்கார்ந்திருந்தார், பார்சல் மாதிரி."

நடுக்கமும் இழுத்த நடையும் மருந்தினால் வந்தவை என்றார். திடீரென நிறுத்தக் கூடாது, இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அப்பாவுக்கு இருப்பது அறிவு மங்கல் அல்ல, துக்கம் முற்றிய மனச்சோர்வு. அதற்கு வேறு மருந்து உண்டு, பேச்சும் உண்டு. இரண்டுக்கும் அவர் வேண்டும். "அவர் வேணும், சார். நீங்க யாரும் இல்ல."

மூன்று பக்கத்தில் மீதி இரண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கத்திகளை யாரிடம் கொண்டு வந்தேனோ, அவரிடம் அவை செல்லுபடியாகவில்லை. அவர் 'தப்பு' என்ற சொல்லை நாற்பது நொடியில் உச்சரித்தார். எங்கள் குடும்பத்தில் மூன்று மாதமாக யாருக்கும் அது வாயில் வரவில்லை.

5 செப்டம்பர்

எனக்கும் வரவில்லை.

16 செப்டம்பர், சனி

துளிகள் ஆறு, பிறகு மூன்று, நேற்றோடு நின்றன. மருத்துவரே தொலைபேசியில் பேசியதால் அக்கா கேட்டாள். நான் சொன்னதற்காக அல்ல. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இனிமே ஏதாவது ஆச்சுன்னா உன் தலைலதான்" என்றாள். ஆகட்டும். என் தலையில்தான்.

யாரும் கேட்காமலே சித்தப்பா கருத்துத் தந்தார், தொலைபேசியில். படாக் டாக்டருக்கு நம் பண்பாடு தெரியாதாம். மதகில் போய் நிற்கும் மனிதனை வீட்டில் வைத்திருப்பது குடும்ப மானத்துக்குக் கேடாம். மலையடிவாரத்தில் ஓர் இல்லம் பார்த்துவிட்டாராம். நல்ல காற்று, உயர்ந்த மதில், வெளியே பூட்டும் அறை. அக்டோபர் இருபத்தொன்பது, ஞாயிறு, குடும்பக் கூட்டம். மறுநாள் காலை வண்டி. "அண்ணன்கிட்ட வெந்நீர் ஊத்துக்குக் குளிக்கப் போறோம்னு சொல்லி ஏத்திடலாம். அதுக்கு நீ இரு. நீ படிச்சவன், நீ சொன்னா நம்புவார்."

'நீ சொன்னா நம்புவார்.' இந்த வாக்கியத்தை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். அழகான வாக்கியம்.

30 செப்டம்பர், சனி

மழை இல்லை. கால்வாயில் முழங்கால் அளவுக்கும் தண்ணீர் இல்லை. அப்பாவின் கை நடுக்கம் பாதி குறைந்திருக்கிறது. செய்தித்தாளை அவரே புரட்டினார். கால் தூக்கி நடக்கிறார். வாயில் எச்சில் இல்லை.

ஆனால் அழுகிறார். பிற்பகலில், அம்மாவின் தையல் இயந்திரத்தைப் பார்த்தபடி, சத்தமில்லாமல், நெடுநேரம். அக்கா என்னைப் பார்த்த பார்வை: பார், இதற்குத்தான் நிறுத்தினாயா?

ஆம். இதற்குத்தான். ஐம்பத்தெட்டு ஆண்டு கூட வாழ்ந்தவளுக்காக அழும் உரிமை அவருக்கு உண்டு.

என்னிடம்: "தாங்கள் தேநீர் அருந்தினீர்களா?"

7 அக்டோபர், சனி

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

காலையில் அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். அப்பாவின் எதிரே தரையில் உட்கார்ந்து, துளிகளைப் பற்றிச் சொன்னேன். எத்தனை, எத்தனை நாள், யார் முடிவு செய்தது, யார் யார் இருந்தது. இல்லத்தைப் பற்றிச் சொன்னேன். வெந்நீர் ஊற்று என்ற பொய்யையும் சொன்னேன். என் குரல் நீதிமன்றத்தில் அறிக்கை வாசிப்பது போலிருந்தது. வேறு குரல் எனக்கு வரவில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "துளி விஷயம் எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார்.

எப்படி?

"ரெத்னோவுக்கு நடக்கத் தெரியற வயசுல இருந்து அவ எனக்கு டீ வைக்கறா. கல்கண்டைப் போட்டுக் கலக்காம வைப்பா. அதுவா கரையணும். முதல் மிடறு கசப்பு, கடைசி மிடறு தித்திப்பு, அதான் டீ. ஒருநாள் கலக்கி எடுத்துட்டு வந்தா. கண்ணைப் பார்க்கல. வெச்சுட்டு நின்னா, நான் குடிக்கறவரைக்கும். முப்பத்து நாலு வருஷம் தண்ணி பார்த்தவன். தண்ணில என்ன கலந்திருக்குன்னு கேக்கணுமா?"

பிறகு ஏன் குடித்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எனக்கே பதில் தெரியும். வைத்த தேநீரைக் குடிக்காமல் எழுந்தால், வைத்தவளை அவமதித்ததாகும். சாவு வீட்டில்கூட ஒரு மிடறாவது குடித்துவிட்டுத்தான் எழுகிறோம். நாங்கள் எல்லோரும் அறிந்த ஒரே சட்டம் அது. அந்தச் சட்டத்தின் முதுகில் ஏறித்தான் மருந்து போனது. சித்தப்பா அதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார். நானும் தெரிந்தே வாயை மூடியிருந்தேன்.

"அவ வெச்சா. எப்படிக் குடிக்காம இருக்கறது?" என்றார் அப்பா.

இவ்வளவும் சாதாரணப் பேச்சில். நான் எழுந்தபோதுதான் மீண்டும் அந்தக் குரல்: "தாங்கள் தெரிவித்தமைக்கு நன்றி."

அப்படியானால் கோபம் துளிகளுக்காக அல்ல. ஊற்றியவளை நீ என்கிறார். என்னை மட்டும் ஏன்?

21 அக்டோபர், சனி

டாக்டர் தியுர்மா வீட்டுக்கே வந்தார். எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசினார். அவர் பேசியது எங்களுக்குக் கேட்டது; தெருவுக்கே கேட்டது. அப்பா பேசியது கேட்கவில்லை. வெளியே வந்து அக்காவின் தோளைத் தொட்டு, "நீங்க கொஞ்சம் தூங்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா வெகுநேரம் அந்தத் தோளைத் தடவிக்கொண்டிருந்தாள். இத்தனை மாதத்தில் அவளைத் தூங்கச் சொன்ன முதல் மனிதர். நான் சொன்னதில்லை.

29 அக்டோபர், ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசை தவறாமல் எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்குச் சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். முன்கூடத்தில் பாய். அப்பாவை அவருடைய அறையில் இருக்கச் சொல்லியாயிற்று. அந்த அறைக்கும் கூடத்துக்கும் நடுவே பலகைச் சுவர்தான். அக்கா ஐந்து குவளைகளில் தேநீர் கொண்டு வந்தாள். ஐந்தாவது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

சித்தப்பா நாற்பது நிமிடம் பேசினார். அண்ணனின் பெருமைகளில் தொடங்கி, மதில் உயரத்தில் முடித்தார். பிறகு கைகளை முழங்காலில் வைத்து, "சரி, எல்லாருக்கும் சம்மதம்தானே?"

வழக்கமான மௌனம் வந்தது. எனக்கு அதன் ஒவ்வொரு நொடியும் தெரியும். அதற்குள்தான் வளர்ந்தேன்.

"எனக்குச் சம்மதமில்லை" என்றேன்.

அது கூட்டத்தில் சொல்லப்படும் சொல் அல்ல. சித்தி குவளையின் மூடியைச் சரி செய்தாள். சித்தப்பா சிரித்தார்.

"புரொஃபசருக்கு இப்பதான் வாய் முளைச்சிருக்கு. மே மாசம் இதே பாய்ல உட்கார்ந்து தலையாட்டினது யாரு?"

"நான்தான். அப்பவும் எனக்குச் சம்மதமில்லை. சொல்லத் துணிவில்லை. அது என் குற்றம். இன்னைக்கு அதை இன்னொரு தடவை செய்ய மாட்டேன்."

"அப்போ நீ கூட்டிட்டுப் போ. செமாராங்ல, உன் ஃபிளாட்ல, எட்டாவது மாடில வெச்சுக்கோ. ஜன்னலுக்குக் கம்பி இருக்கா?"

இதற்கு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போது அறைக் கதவு திறந்தது.

வெள்ளைச் சட்டை, கருப்புத் தொப்பி, அலுவலகத்துக்குப் போகும் உடை. நெற்றியில் தையல் தழும்பு. காலைத் தூக்கி வைத்து நடந்து வந்து, தம்பிக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார். அக்கா ஐந்தாவது குவளையை அவர்முன் வைத்தாள். அவள் கை நடுங்கியது. இந்த முறை அவளுடைய கை.

அப்பா மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். குவளையை ஒரு விரலால் பாயின் நடுவுக்குத் தள்ளினார். மெதுவாக, நாங்கள் அனைவரும் பார்க்கும்படி.

"வேண்டாம்" என்றார்.

இத்தனை ஆண்டில் அவர் முன்னால் வைத்த தேநீரை அவர் தள்ளி நான் பார்த்ததில்லை. சித்தப்பாவும் பார்த்ததில்லை. அவர் முகம் அறை வாங்கியது போலாயிற்று.

அப்பா 'தாங்கள்' என்று யாரையும் அழைக்கவில்லை. நேராகப் பேசினார்.

"விர்யவான், என்னைப் பத்திப் பேசறதுன்னா என் எதிர்ல பேசு. எனக்கு மனசு சரியில்ல. அது உனக்கு முன்னாடி எனக்குத் தெரியும். பைத்தியமில்ல. சரியில்ல, அவ்வளவுதான். அந்த டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன், இங்கயும் சொல்றேன். மதகுக்கு நான் வேடிக்கை பார்க்கப் போகல. குதிக்கத்தான் போனேன். ரெண்டு தடவையும்."

சித்தி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு தடவையும் ரெத்னோ கரையில நின்னு கத்தினா. 'அப்பா வாங்க, சாகாதீங்க'ன்னா கத்தினா? இல்ல. 'அப்பா, டீ வெச்சிருக்கேன், ஆறுது'ன்னா. வெச்ச டீயை விட்டுட்டு எப்படிப் போறது? திரும்பி வந்தேன். அந்த டீலதான் நீங்க மருந்து கலந்தீங்க."

அக்கா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளிடமிருந்து வந்த ஒலியை எழுத எனக்குச் சொல் இல்லை. அப்பா அவள் தலைமேல் கை வைத்தார்; பேச்சை நிறுத்தவில்லை.

"மருந்து வேணும்னா சொல்லிக் குடுங்க. கையில குடுங்க. குடிக்கறதா வேண்டாமான்னு நான் சொல்றேன். இந்த வீட்டை விட்டு நான் எங்கயும் போகல. வெந்நீர் ஊத்துக்கும் போகல."

சித்தப்பா வெகுநேரம் பாயின் கோரையை எண்ணினார். பிறகு, குடும்பத்தில் இனி என்ன நடந்தாலும் தன்னைக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். நின்றபடியே குனிந்து தன் குவளையை எடுத்து, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் போனார். அவராலும் விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

பிற்பகலில் அப்பா ஒரு தாளில் எழுதினார். அலுவலகக் கையெழுத்து, எண்ணிட்ட வரிகள். உணவிலும் பானத்திலும் எதையும் கலக்கக் கூடாது. மருத்துவர் அவரிடம்தான் பேச வேண்டும். மதகின் நினைவு வந்தால் அவர் அன்றே ரெத்னோவிடம் சொல்வார், ஒளிக்க மாட்டார். ரெத்னோ தன் அறையில் கட்டிலில் படுப்பாள். கையெழுத்திட்டார். அக்கா கையெழுத்திட்டாள். சாட்சிக் கையெழுத்துக்குத் தாளை என் பக்கம் நகர்த்தினார். ஒன்றும் சொல்லாமல், பேனாவைக்கூட நீட்டாமல்.

நான் படித்த ஒப்பந்தங்களில் குற்றம் காண முடியாத ஒன்று.

11 நவம்பர், சனி

புது மாத்திரை, காலையில் ஒன்று. அட்டையைப் படித்து, பக்க விளைவுகள் எவை என்று மருத்துவரைத் தொலைபேசியில் விசாரித்து, மூன்று நாள் யோசித்த பிறகு தொடங்கியிருக்கிறார். வியாழனன்று குமட்டல் என்று மறுத்துவிட்டார். அக்கா என்னை வகுப்பு நடுவில் அழைத்துப் புலம்பினாள். மருத்துவரிடம் அவரையே பேசச் சொல் என்றேன். பேசியிருக்கிறார். வெள்ளியன்று பாதி மாத்திரை.

நேற்று அந்தியில், மதகின் நினைவு வந்தது என்று அக்காவிடம் சொன்னாராம். சமையலறை வாசலில் நின்று, தண்ணீர் அளவு சொல்வது போல. இருவரும் சேர்ந்து கால்வாய்க் கரை வரை நடந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அக்கா இதைச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. நான்தான் தொலைபேசியை இறுகப் பிடித்திருந்தேன்.

அவர் குணமாகிவிட்டார் என்று யாரும் எழுத வேண்டாம். நானும் எழுதவில்லை. தன் நோயைத் தன் கையில் வைத்திருக்கிறார். அது போதும், அதை இனி யாரும் பிடுங்க முடியாது. முயன்று பார்க்கட்டும்.

2 டிசம்பர், சனி

மழை பிடித்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது நனைந்திருந்தேன்.

அக்கா தேநீர் வைத்தாள். இரண்டு குவளையிலும் கல்கண்டு அடியில் கிடந்தது. அப்பா நான்கு மிடறு குடித்துவிட்டு மூடியைப் போட்டு, "ஆறிப்போச்சு, போதும்" என்றார். "வேண்டாம்னா வேண்டாம்" என்று அக்கா பாதிக் குவளையை எடுத்துக்கொண்டு போனாள். சமையலறையில் அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது.

இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா பலகைச் சுவரைக் கைக்கோலால் தட்டிக் காட்டினார்.

"மே மாசக் கூட்டத்தன்னைக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருந்தேன். விர்யவான் பேசினது எல்லாம் கேட்டுச்சு. ரெத்னோ மூக்கு உறிஞ்சினதும் கேட்டுச்சு. நீ வந்திருக்கேன்னு தெரியும். செருப்பு சத்தம் தெரியும். உன் குரல் வரும், வரும்னு காதைச் சுவத்துல வெச்சிருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்: "வரல, அப்பா."

"அஞ்சு மாசம் லேட்டு" என்றார். பிறகு கைக்கோலால் வாசலைக் காட்டினார். "கதவைச் சாத்து, லே. சாரல் அடிக்குது."